பன்னிரண்டாம் நம்பர் வீட்டு அலமாரி

சிரிக்கத்தானே வந்தீர்கள்? சிரிப்பு உண்டு. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் வரும். அதுவரை கோவர்த்தனனோடு கொஞ்சம் உட்காருங்கள். பாவம், மனுஷனுக்குப் பேச்சுத்துணை இல்லை.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற ரோட்டில், மலையைப் பார்த்தபடி இருபது வீடுகள். பேர் வசந்த விகார். அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும்தான் வாடகைக்கு விடுவார்கள். கோவர்த்தனன் மேனேஜர். பத்தொன்பது வீட்டை ஆறே மாதத்தில் நிரப்பிவிட்டார். "இது முதியோர் இல்லம் இல்லீங்க. உங்க வீடு, உங்க சமையல், உங்க சாவி. பல்பு போனா மட்டும் எங்க கவலை" என்று அவர் போனில் ஆரம்பித்தால், இருபது வயதுப் பையனுக்கே நமக்கு எப்போது நரைக்கும் என்று ஏக்கம் வந்துவிடும்.

அந்தப் பேச்சுக்கு மசியாத ஒரே ஆள் சொந்த ஊரான நகரியில் இருந்தாள். அவர் மனைவி தாட்சாயணி.

"சாய்தளம் இருக்குது, பாத்ரூம்ல புடிச்சிக்க கம்பி இருக்குது, நர்ஸ் இருக்குது. வந்துடேன்மே."

"இன்னாயா, எனக்கே நோட்டீஸ் குடுக்கறியா? நான் அங்க வந்தா, நம்ம பையன் தொரத்திட்டான்னு நகரி பூரா பேசும். கம்பிய நீயே புடிச்சிக்கினு நில்லு."

டொக். போன் வைத்தாயிற்று.

தாட்சாயணிக்கு வாய் ஒன்று, குரல் நூறு. பஸ் கண்டக்டர் வருவார், பால்காரர் வருவார், செத்துப்போன மாமியாரின் இருமல்கூட வரும். அந்த இருமலைக் கேட்டால் அறுபத்திரண்டு வயதிலும் கோவர்த்தனனின் கை தானாகப் பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும். இங்கே அவரை யாரும் பயமுறுத்துவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

காலியாக இருந்தது பன்னிரண்டாம் நம்பர் மட்டும். சமையல்கட்டு ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். யார் கேட்டாலும், "அங்க கொரங்கு வரும்ங்க" என்று தட்டிக்கழிப்பார். யாருக்காகப் பூட்டிவைத்திருந்தார் என்பது பூட்டுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். முதலாளி சுரேஷ்பாபு, "மாசக் கடைசிக்குள்ள நெரப்புங்க" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி போனில் தாட்சாயணியிடம் அதைச் சொல்லிப் புலம்பினார்.

மறுநாளே புது நம்பரிலிருந்து ஒரு மூக்குக் குரல்.

"நமஸ்காரமண்டி மேனேஜர்காரு! சித்தூரு சுமித்ரா பேசறேன். பன்னெண்டாம் நம்பர் வேணும்."

"அங்க கொரங்கு வரும்மா."

"பரவாலேதண்டி. எங்க வீட்டுக்காரரோட முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவ நானு. கொரங்கு எந்த மூலைக்கு?"



சுமித்ரா தினம் கூப்பிட்டாள். தினம் ஒரு உத்தரவு. சமையல்கட்டு அலமாரி எவ்வளவு உயரம் என்று கேட்டாள்; எட்டாது, ஒரு அடி இறக்கணும். பின்வாசலில் கறிவேப்பிலைச் செடி வேணும். அலமாரியை இறக்கச் சொல்லி நகரி வீட்டில் தாட்சாயணி முப்பது வருஷம் கேட்டிருக்கிறாள். முப்பது வருஷமும் அவர் சொன்னது, "நாளைக்கு." சுமித்ராவுக்கு ஒரே மத்தியானத்தில், சுத்தியலால் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு, இறக்கிவிட்டார். செடியையும் வைத்தார்.

"உங்க வீட்டம்மா அங்கதானே இருக்காங்க? அவங்களுக்கு ஊரு புடிச்சிருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள் சுமித்ரா.

"ரொம்ப புடிச்சிருக்கும்மா. இப்பத்தான் ரெண்டு டம்ளர் காபி..." கோவர்த்தனனுக்கு அதற்குமேல் பொய் வரவில்லை. "அவ இங்க இல்லம்மா. தெனம் காலையில பழக்கதோஷத்துல ரெண்டு டம்ளர் கலக்கிடறேன். அப்பறம் ரெண்டையும் நானே குடிக்கறேன்."

 

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?" மூக்குக் குரல் கொஞ்சம் கரகரத்தது.

"கம்பி இருக்குது, நர்ஸ் இருக்குதுன்னு சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க! ஞாயித்துக்கிழம நாலரைக்கு வரேன். உங்க வீட்டம்மா அந்த வீட்ல இருக்கணும். அவங்க வாயால கேட்டாத்தான் முடிவு."

உடனே நகரிக்குப் போன் போட்டார். "ஒரே ஒரு நாள் வாமே. வீடு புடிச்சிருக்குன்னு ஒரு அம்மாகிட்ட சொன்னா போதும்."

"ஒரு நாளுன்னா சரி" என்றாள் தாட்சாயணி, ஆச்சரியமாக ஒரே பேச்சில்.

சுமித்ரா வந்தால் வீடு போய்விடும். போகட்டும். ஒரு நாளாவது தாட்சாயணி அதற்குள் நடந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஞாயிறு மூன்று மணிக்கு வேன் வந்து நின்றது. இரண்டு டிரங்குப் பெட்டி, கிரைண்டர், ஊறுகாய் ஜாடி.

"ஒரு நாளைக்கு கிரைண்டர் எதுக்குமே?"

"அங்க தனியா இருந்தா பயந்துக்கும். நீ போயி அந்த அம்மா வருதான்னு பாரு."

பன்னிரண்டாம் நம்பர் வாசற்படியில் நின்று கேட்டையே பார்த்தார் கோவர்த்தனன். நாலு இருபது. நாலு இருபத்தைந்து. நாலரை.

"ஏமண்டி மேனேஜர்காரு!" அதே மூக்குக் குரல்.

"வாங்கம்மா, வாங்க!" என்று கேட்டுக்கு ஓடினார். கேட்டில் ஒரு நாய்தான் படுத்திருந்தது.

"அங்க எங்க ஓடறீங்க? ரெண்டு டம்ளர் காபி கலக்குங்க. ஒன்னுதான் உங்களுது!"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினார். திறந்த வாசல் வழியே தெரிந்த சமையல்கட்டில் தாட்சாயணி ஊறுகாய் ஜாடியை, எக்காமலே, அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அலமாரி கச்சிதமாக அவள் தோள் உயரம்.