முதலைக் கதைக்கு ஒரு காது

"இந்த நாலு நாளும் 'மாப்பிள்ளை' எண்ட சொல்லு உன்ட வாயால வரப்படாது," என்றார் முத்தலிப், காரை ஆற்றங்கரை ரோட்டில் திருப்பியபடி.

"வந்தா?" என்றாள் மனைவி றாஹிலா.

"வந்தா அடுத்த வெள்ளாமை வெட்டு வரைக்கும் மாப்பிள்ளை தேடுறதே இல்ல."

"உங்கட வாயால வந்தா?"

"நான் ஏன் சொல்லப்போறன்? சொன்னா, நீ கைகாட்டுற பொடியனுக்கு மறுகதை இல்லாம மகளக் கட்டிக்குடுக்கன்."

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் வீட்டையும் கட்டி வைத்துக்கொண்டு மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். மகள் ஸம்றாவுக்கான வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும்தான் பாக்கி. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் றாஹிலா விசாரிக்காத பொடியன் ஒருவன் இருந்தால், அவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். சோற்றுக்கு உப்புக் கேட்டாலும், "அந்தச் சாய்ந்தமருதுப் பொடியன் உப்பே போடுறல்லயாம்" என்று பேச்சு அங்கே போய்விடும்.

அதிலிருந்து தப்பத்தான் இந்தப் பயணம். ஆற்றோர ஹோம்ஸ்டேக்களில் ஒவ்வொரு இரவு தங்குவது, காலையில் பிட்டும் மீனும் சாப்பிடுவது, அடுத்ததுக்குப் போவது. இடங்களைத் தெரிவு செய்யும் வேலையை மட்டும் றாஹிலாவிடம் விட்டிருந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காலமெல்லாம் ஓவசியராக இருந்தவர், இந்த ஒரு மதகைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

முதல் வீடு நதீராவுடையது. வாசலிலேயே பன்னீர் தெளித்தார்கள். ரூம் எடுக்க வந்தவர்களுக்குப் பன்னீர் ஏன் என்று முத்தலிப் யோசித்தார். காலையில் உயரமான ஒரு பொடியன் பிட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றான்.

"நம்மட மகன். எஞ்சினியர்," என்றாள் நதீரா. "உங்கட புது வீட்டுக்குக் கூரை போட்டாச்சா, காக்கா?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டாள்.

முத்தலிப்பின் வாயில் பிட்டு அப்படியே நின்றது. ஹோம்ஸ்டேக்காரிக்குத் தன் வீட்டுக் கூரையைப் பற்றி யார் சொன்னது? மெதுவாக மனைவியைப் பார்த்தார்.

"நான் ஒரு சொல்லுக் கதைச்சனா?" என்றாள் றாஹிலா, மீனில் முள் எடுத்துக்கொண்டே.

கதைக்கவில்லைதான். இடம் பார்க்கும்போதே பொடியன் இருக்கிற வீடுகளாகப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது வீட்டில் முத்தலிப் தயாராக இறங்கினார். இப்படி ஒரு சம்பந்தி வேண்டாம் என்று அவர்களே ஓட வேண்டும். தேத்தண்ணியில் சீனி இல்லை என்றார், பிறகு சீனி கூட என்றார். பகலில் அவர் விட்ட குறட்டையில் எதிர்க்கரைக் கொக்குகள் இடம் மாறின. காலையில் அந்த வீட்டு விரால் மீனையெல்லாம் தனியாளாகத் தின்று முடித்து, "இன்னும் இல்லையா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரி பாத்தும்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாஷா அல்லாஹ். கூச்சமில்லாமச் சாப்பிடுறாரு. எப்பயோ பழகின ஆள் மாதிரி," என்று, புதிதாக இரண்டு கோழிகளை அறுக்கச் சொன்னாள். கோழி பிடிக்கப் போனவன் அவளுடைய மகன். கணக்காளனாம்.

முத்தலிப் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மகளுக்கு போன் எடுத்தார்.

"மகள், பொடியன் இல்லாத வீடாப் பாத்து ஒரு ஹோம்ஸ்டே சொல்லு."

அவர் வசனத்தை முடிக்கும் முன்பே ஸம்றா சொன்னாள்: "ஆத்து வளைவுல சின்னப்போடியார்ர வீடு இரிக்கு வாப்பா. அவருக்கு ஆம்பிளப் புள்ளையே இல்ல. தமிழாக்கள், நம்மட மார்க்கமில்ல. உம்மாவால அங்க ஒண்டும் செய்ய ஏலாது."

"நீதான்டி என்ட புள்ள," என்றார் முத்தலிப்.

சின்னப்போடியார் வீட்டில் பன்னீர் இல்லை, எஞ்சினியர் இல்லை. ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இன்னொரு விருந்தாளி மட்டும் எழுந்து வந்து பையை வாங்கினான். அஸீம் என்று பெயர். முத்தலிப்பும் ஒரு தூண்டிலோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்ததும் அவருக்கு முதலை ஞாபகம் வந்தது.

வேலையில் இருந்த காலத்தில் மதகில் ஒரு முதலையைப் பார்த்தவர். முதலில் அது முழ நீளம்தான் இருந்தது. சொல்லச் சொல்ல வளர்ந்து, இப்போது அதற்குப் படுக்க இரண்டு கரையும் போதாது. அந்தக் கதையைக் கடைசிவரை கேட்ட மனிதர் எவரும் இல்லை. கதை முதலையின் வாலுக்கு வருமுன்பே றாஹிலா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவாள்.

"பொறகு, மாமா?" என்றான் அஸீம்.

முத்தலிப் திடுக்கிட்டார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. முதலையை இன்னும் இரண்டு முழம் நீட்டினார். பொடியன் அசையவில்லை. முதலை வாலைச் சுழற்றும் இடத்தில், வால் வருவதற்குச் சற்று முன்பே அவன் கண்கள் விரிந்தன. எவ்வளவு கூர்மையான பிள்ளை என்று முத்தலிப் வியந்தார். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதையும் கேட்டான்.

மறுநாள் காலை பிட்டைப் பிசைந்துகொண்டே, தூரத்தில் தூண்டில் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்து முத்தலிப் பெருமூச்சு விட்டார்.

"மாப்பிள்ளை எண்டா இப்பிடி ஒரு புள்ளயெல்லவா கிடைக்கணும்."

றாஹிலாவின் கை கோப்பையில் நின்றது.

"சொல்லிட்டீங்க."

முத்தலிப் பிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். எஞ்சினியரா, கணக்காளனா? எந்த வீட்டுப் பக்கம் கை நீளப்போகிறது? றாஹிலா வேண்டுமென்றே ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாள். பிறகு கையை நீட்டி, ஆற்றங்கரையில் நின்ற அஸீமைக் காட்டினாள்.

"நேத்து அங்கால இருந்து பாத்த நான். அந்த முதலைய ரெண்டு தரம் கேட்டுட்டும் எழும்பி ஓடல்ல. எஞ்சினியர் என்னத்துக்கு? இவன் வந்தா நான் அந்தக் கதையில இருந்து தப்பலாம்."

தோற்ற மனிதர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து அந்த ஆறு பார்த்ததில்லை. பொரித்த மீனோடு வந்த சின்னப்போடியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போடியார், இப்பிடி ஒரு தங்கமான பொடியன் இஞ்ச எப்பிடி வந்து சேந்தான்?"

சின்னப்போடியார் மீனைப் பரிமாறிக்கொண்டே சொன்னார்:

"அது ஐயா, உங்கட மகள் போன்ல முதலைக் கதையச் சொல்லச் சொல்ல, கொட்டாவி விடாமக் கேட்டுப் பழகுறத்துக்கெண்டே முந்தாநாள் வந்து ரூம் எடுத்தவன்."