பீரோவுக்குள் ஒரு சர்வர்

அன்பும் பணிவும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் நலம், உங்கள் அத்தையும் நலம். ஆனால் ஆளுக்கொரு அறையில் நலம். காரணம் நீங்கள் சொன்ன மீடியா சர்வர்.

போன மாதம் ஆபீஸ் வேலையாக வந்தபோது, "சின்னதா ஒரு சர்வர் வச்சிட்டா பாப்பா வீடியோவெல்லாம் டிவியிலயே ஓடும் மாமா, செலவும் கம்மி" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். பேத்தி முதலடி வைப்பதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும், உங்கள் அத்தைக்கு அது ஒன்றுதான் ஆசை. நானோ முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் துடைப்பம்கூட வாங்காதவன். தெருத்தெருவாக அலைந்தேன். முதல் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாமவர் மலிவாகச் சொன்னார், ஆனால் ஹார்ட் டிஸ்க் தனியாம், டிஸ்க் இல்லாத சர்வரை வைத்து நான் என்ன செய்வது, விசிறிக்கொள்வதா? கடைசியில் ஜெராக்ஸ் கடைக்காரர் தம்முடைய பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, பெரிய டிஸ்க் ஒன்றைப் போட்டு, நீங்கள் அனுப்பிய வீடியோவையும் ஏற்றிக் கொடுத்தார். குறைந்த விலை அவருடையதுதான். எடுத்துவந்து ஸ்டோர் வழக்கப்படி எண் ஒட்டி, கரண்ட் வயரை மட்டும் வெளியே விட்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். விலையுள்ள பொருளை வேறெங்கே வைப்பது? டிவியில் பேத்தி வந்தாள், காலைத் தூக்கினாள், அவ்வளவுதான், திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வைஃபைக்கு இரும்புக் கதவு ஆகாதாம், கடைக்காரர் சொல்கிறார். அதற்காகத் திறந்து போடுவதா? பதினோரு நாளாகிறது. தினமும் காலையில் உங்கள் அத்தை என்னிடம் பேசுவது ஒரே ஒரு வார்த்தைதான்: "ஏங்க, பிள்ளை கால கீழ வச்சிடுச்சா?" மாப்பிள்ளை, பீரோவைப் பூட்டியபடியே படம் ஓட ஒரு வழி சொல்லுங்கள்.

மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசி. பேத்தியின் கால் சீக்கிரம் தரையைத் தொடட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது கூடத்தில் பேத்தியின் சிரிப்புச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், டிவியில் குழந்தை ஜம்மென்று நடக்கிறது! நீங்கள் கிளம்பும்போது கொடுத்த பென் டிரைவாம், டிவிக்குப் பின்னால் உங்கள் அத்தை செருகியிருக்கிறாள். நான் கொட்டேஷன் வாங்கப் போன முதல் நாளிலிருந்தே, நான் வெளியே போகும்போதெல்லாம் பார்க்கிறாளாம். "உங்க ஆசையக் கெடுப்பானேன்னுதான் சொல்லல" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அவ்வளவு முக்கியமான பொருளை இப்படியா வெட்டவெளியில் வைப்பது? உடனே பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். உங்கள் அத்தை போன் செய்வாள். எடுக்காதீர்கள்.