குருவி வராத கொல்லை

அம்மாசியின் கொல்லையில் அன்று காலை ஒரு குருவிகூட இல்லை. மற்ற நாளெல்லாம் விரட்டி விரட்டியே அவருக்குத் தொண்டை கட்டிப்போகும்.

கரியாலூருக்கு மேலே அந்தச் சரிவில் எல்லாரும் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள். அம்மாசி மட்டும்தான் சாமை, தினை, துவரை, அவரை எல்லாவற்றையும் அப்பா காலத்து வழக்கப்படி கலந்து விதைக்கிறவர். அப்படி விதைத்தால் பறவையும் பூச்சியும் பிழைக்கும், அதற்கு நிதி தருகிறோம் என்று கள்ளக்குறிச்சியில் ஓர் அறக்கட்டளை சொல்லியிருந்தது. இன்று பார்க்க வருகிறார்கள். நிதி வராவிட்டால் அடுத்த பட்டம் மரவள்ளிதான் என்று மனைவி தங்கமணி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

வீட்டிலிருந்த தினையை முறத்தோடு கொண்டுவந்து இறைத்தார். ஊர்க்கோழி மொத்தமும் வந்தது. கோழியை விரட்ட நாயை அவிழ்த்துவிட்டார். அது குரைத்த குரைப்பில் வேலிமேல் இருந்த மைனாக்களும் பறந்தன. பக்கத்துக் கொல்லைக் கொளஞ்சியப்பனிடம், உன் பக்கத்துக் குருவிகளை இந்தப் பக்கம் ஓட்டிவிடு என்று கெஞ்சினார். அவர் நல்ல மனதோடு தகரத்தைத் தட்ட, குருவிகள் எழும்பி மலையையே தாண்டிப் போய்விட்டன.

"இன்னா மாமா, இருந்ததையும் ஓட்டிட்டியா?" என்றாள் தங்கமணி.

"நாயை இட்டுக்கினு வூட்டுக்குப் போ. சத்தமே இருக்கக் கூடாது."

எல்லாரும் போனார்கள். மலையிலிருந்து மூடுபனி இறங்கி, சாமைக் கதிர்களின் தலையைத் தடவிக்கொண்டு வந்தது. எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் அம்மாசி இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். பனிக்குள் எங்கோ ஒரு கீச்சொலி. பிறகு இன்னொன்று. தலைத்துண்டின்மேல் சின்னக் கால்கள் ஊன்றின. தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று. கை வலித்தது, இறக்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நிதி, மரவள்ளி, தங்கமணி எல்லாம் மறந்துபோயின. உடம்பு முழுக்கச் சிறகடிப்பு.

கண் திறந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குருவிகள் தின்றுவிட்டுப் போயிருந்தன. யாரும் வந்த மாதிரி தெரியவில்லை.

டீக்கடையில் சோர்ந்து உட்கார்ந்து, எவரும் வரவில்லை என்று கடைக்காரர் ராமசாமியிடம் சொன்னார்.

"யாரு சொன்னது? ரோட்டு மேலருந்தே பாத்துட்டு, இங்கதான் டீ குடிச்சாங்க. இவ்ளோ குருவிய எங்கயும் பாத்ததில்லையாம், நிதி நிச்சயமாம்" என்ற ராமசாமி, டீயை நீட்டினார். "கொல்ல நடுவுல நிக்க வச்சிருக்கியே, குருவி ஓட்டுற பொம்மை, அத மட்டும் எடுத்துடச் சொன்னாங்க."