பெண் பார்க்கப் போன இடத்தில் பசுங்கணிகம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. (இன்றைக்கும் கிடையாது, அது வேறு விஷயம்.)

2007 வாக்கில் ஓசூரில் மூலிகை மருந்துக் கம்பெனி ஒன்றின் லேபில் இருந்தேன். வந்து இறங்குகிற பொடி உண்மையில் எந்தச் செடி என்று டி.என்.ஏ.வை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதே கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்த கவிதாவை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னை. அவள் அப்பாவுக்குப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் கிருஷ்ணகிரியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். நம்ம லைன் ஆள்தானே என்று எனக்கு அநியாயத்துக்குத் தைரியம்.

பெண் பார்க்கப் போனோம். கேசரி, பஜ்ஜி வந்தது. கவிதாவின் அப்பா என்னைப் பார்த்து, "அரைச்சுப் பொடியாக்கிட்டா கீழாநெல்லியும் ஒண்ணுதான், கண்ட எலையும் ஒண்ணுதான். எப்பிடித் தம்பி கண்டுபிடிப்பீங்க?" என்றார்.

இலையைப் பச்சையாக வைத்திருக்கும் பசுங்கணிகத்துக்குள் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கிறது, அதில் ஒரு துண்டு இனத்துக்கு இனம் மாறும், அதைப் படித்தால் செடி தெரிந்துவிடும் என்றேன். மனிதர் தலையாட்டினார். போதும் என்பதற்காக அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டேன்.

பெரும்பாலான செடிகளில் இது தாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று தொடர்ந்தேன். அவருக்குப் புரியவில்லையோ என்று பட்டது. உதாரணம் சொன்னால் புரியும் அல்லவா?

"இப்ப உங்க பொண்ண ஒரு செடின்னு வச்சுக்கங்க. டெஸ்ட் எடுத்தா அம்மா யாருன்னு தெளிவா சொல்லிடலாம். அப்பா யாருன்னு மட்டும் சொல்லவே முடியாதுங்க."

யாரும் பஜ்ஜியை மெல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்குக்காரர். என்ன ஆயிற்று என்று விசாரித்தார். யாரோ பொறுமையாகத் தெலுங்கில் விளக்கினார்கள். அவர் தன் மனைவிக்குக் கன்னடத்தில் சொன்னார். ஆக, ஒரே அமர்வில் அந்தக் குடும்பத்தை மூன்று மொழிகளில் அவமானப்படுத்திவிட்டேன். கவிதாவின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். (அன்று ஞாயிறு. கடை லீவு.)

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் கேன்டீனில் கவிதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேற உதாரணமே கெடைக்கலையா?"

காப்பாற்றியது அவள் அம்மாதான். "பொண்ணு பாக்க வந்த எடத்துலயே இவ்ளோ உளறுறவன், கட்டிக்கிட்டு எத மறைக்கப் போறான்?" என்று மாதக்கணக்கில் வாதாடிச் சம்மதம் வாங்கினார். கல்யாணத்தில் மாமனார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று நம்பினேன்.

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என் சொந்தக்காரர்கள் எல்லாரும் குழந்தையைச் சுற்றி நின்றுகொண்டு, அது எங்கள் வீட்டு மூக்கு என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமனார் குழந்தையைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இது எம்பொண்ணு கொழந்த, அதுல சந்தேகமில்ல. மாப்ள வீட்டாளுங்க அவசரப்படாதீங்க. அந்தப் பக்கம் டெஸ்ட்ல தெரியாதாம்."

மகள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தாத்தா போன் செய்வார். வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், "என்ன கண்ணு, அப்பா யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிடுவார். இன்னும் ரிசல்ட் வரவில்லை என்பாள் அவள்.