ஆமென் அண்ணனுக்குப் போட்ட பூட்டு

உலகம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ‘ஆமென்’ என்ற சொல்லை எங்கள் ஆமென் அண்ணனைவிட வேகமாக டைப் அடிக்கும் மனிதர் கிடைக்கமாட்டார். சபையின் வாட்ஸ்அப் குழுவில் நாம் ஒரு செய்தியை அனுப்பிவிட்டுக் கட்டைவிரலை எடுப்பதற்குள் அவருடைய பதில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். நாம் நினைத்த மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில், உலைப் பக்கம் அவருக்கு வேலை. அவருடைய அப்பா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். மகன் ஷிப்டுக்கு மாறிவிட்டார். ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டால் அவர் மனைவி ரோசி அக்காவே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

எல்லாம் ஊரடங்கில் ஆரம்பித்தது. சபையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். பாஸ்டர் ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி, காலி நாற்காலிகளைப் பார்த்து லைவில் பிரசங்கம் செய்தார். “எல்லாரும் கரங்களைத் தட்டுங்கள்” என்பார். மின்விசிறி மட்டும் கடகடக்கும். மனிதர் நொந்துபோயிருந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரே ஓர் ஆமென் வந்தது. பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் வீட்டில் நெட் எப்போதும் ஒரு வாக்கியம் தாமதமாக வரும். “தேவன் உங்களைத் தாங்குவார்” என்பதற்கு அவர் போட்ட ஆமென், “சாத்தான் உங்களைக் கவிழ்க்கக் காத்திருக்கிறான்” என்னும்போதுதான் வந்து சேரும். பாஸ்டர் துணுக்குற்று, அடுத்த வாக்கியத்தை யோசித்து யோசித்துச் சொல்வார். அந்த நாட்களில் பிரசங்கம் ரொம்ப நீளமாகப் போனதற்கு அதுதான் காரணம்.

பாஸ்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிக்காரர். ஆனால் ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து வேதாகமத் தமிழைத் தவிர வேறு தமிழ் பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். ஷேர் ஆட்டோவை நிறுத்தி, “நீர் எவ்விடத்துக்குப் போகிறீர்?” என்று கேட்பார். “இன்னாபா, ஷூட்டிங்கா?” என்று டிரைவர் வண்டிக்குப் பின்னால் கேமராவைத் தேடுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊரடங்கு போய்ச் சபை திறந்தது. அண்ணனுக்குப் பழகிய விரல் நிற்கவில்லை. ‘ஆ’ என்று தொட்டாலே போன் மீதியைத் தானே எழுதிக் கொடுத்தது. ஆலையின் ஷிப்ட் குழுவில் சூப்பர்வைசர், “ஞாயிறு ஓவர்டைம் யார் வருகிறீர்கள்?” என்று கேட்டார். அண்ணன்: “ஆமென்.” ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ஆலை கேன்டீனில் உட்கார்ந்து லைவில் பார்த்தார். அதற்கும் ஆமென் போட்டார். சூப்பர்வைசர் திருவாலங்காட்டுக்காரர், நெற்றி நிறைய விபூதி பூசுபவர். கொஞ்ச நாளில் அவரே வாக்கிடாக்கியில் “உலை ரெடியா?” என்று கேட்டு, ரெடி என்று பதில் வந்ததும் “ஆமென்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் எதிர்த்தெருக்காரி. அந்த உரிமையில் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏண்ணே, படிச்சுட்டு ஆமென் போடக்கூடாதா?”

“இன்னாம்மா நீ! ஒருத்தன் மனசொடிஞ்சு போய், ஜெபம் பண்ணுங்கன்னு குரூப்ல போட்டுட்டு போனையே பார்த்துக்கினு இருப்பான். யாரும் ஒண்ணும் சொல்லலன்னா அவனுக்கு எவ்ளோ பேஜாரா இருக்கும்? கேட்டுச்சுப்பான்னு ஒருத்தனாச்சும் சொல்ல வேணாமா? அதான் மொதல்ல ஆமென் போட்டுடுவேன். அப்பால படிப்பேன்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து எங்கள் சபைக்கு வரும் மோசஸ் ஒரு செய்தி அனுப்பும் வரை.

‘எங்கள் தகப்பனார் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று மோசஸ் போட்டிருந்தார். எங்கள் சபையில் இறந்தவர்களை இறந்தார் என்று சொல்ல மாட்டோம், நித்திரையடைந்தார் என்போம். அந்த வரி வந்து விழுந்த அதே நொடியில் கீழே ‘ஆமென்’. கூடவே கூப்பிய கைகள், கொசுறாக ஒரு ரோஜாப்பூ.

அடக்கம் முடிந்த ஞாயிறு, சபை வாசலில் அண்ணனின் சட்டையை மோசஸ் பிடிக்காத குறை.

“எங்கப்பன் எப்ப போவான்னு போனக் கையில வச்சிக்கினு குந்திங்கினு இருந்தியா நீ?”

“ஐயையோ, சத்தியமா இல்ல நைனா! படிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்!”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மோசஸ் குடும்பமே பொங்கியது. வேறு வழியில்லாமல் பாஸ்டர் குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று மாற்றினார். எங்கள் சபைக்கு அட்மின் அவர் ஒருவர்தான். ஆக, மொத்த சபையின் வாய்க்கும் பூட்டு. அண்ணன் என்னிடம் போனை நீட்டி, “இத்த எப்டிம்மா தெறக்கறது?” என்று கேட்டார். அவர் கட்டைவிரல் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தது. திறக்க முடியாது என்று சொன்னேன். “கஷ்டத்துல கீறவங்க இன்னா பண்ணுவாங்கோ?” என்று கேட்டார். ஆனால் குழு அமைதியாகிவிட்டதே என்று உள்ளுக்குள் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

போன மழைக்காலத்தில் அந்த நிம்மதி பல்லிளித்தது. விடாத மழை. ஆரணி ஆறு நிரம்பிவிட்டது, ரயில்வே சுரங்கப்பாதை குளமாகிவிட்டது, ஆலை பஸ் ஓடவில்லை. அண்ணன் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ரோசி அக்கா எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். அண்ணன் மட்டும் வரவில்லை. முந்தின நாள் காலை சைக்கிளில் ஷிப்டுக்குப் போனவர், மறுநாள் மதியமாகியும் வீடு திரும்பவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். சிப்காட் பக்கம் கால்வாயில் யாரோ சைக்கிளோடு அடித்துச் செல்லப்பட்டதாகக் கீழ்வீட்டுக்காரர் வேறு கொளுத்திப் போட்டார்.

ரோசி அக்கா சபைக் குழுவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மனுசன் எங்க இருந்தாலும், எப்டியாச்சும் யார்கிட்டனா சார்ஜர் வாங்கியாவது ஒரு ஆமென் போட்ருக்கும். உசுரோட கீதுன்னாச்சும் தெரிஞ்சிருக்கும். அதையும் பூட்டி வச்சிட்டீங்களேம்மா.”

அந்தச் சமயத்தில் போன் ஒலித்தது. குழுவில் பாஸ்டரின் செய்தி.

‘நம்முடைய ஆமென் அண்ணன் கண்டுபிடிக்கப்பட்டார். தொழிற்சாலையிலே நித்திரையாயிருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.’

ரோசி அக்கா போட்ட அலறலில் தெருவே மாடி ஏறி வந்துவிட்டது. பாஸ்டருக்குப் போன் போட்டால் பிஸி. சபையில் உள்ள அத்தனை பேரும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழுவில் ஒரு வார்த்தை கேட்க வழியில்லையே! “பாடிய எப்ப கொண்டாருவாங்கோ?” என்று ஒருவர் விசாரித்தார். வெள்ள நிவாரண வேலையாக எங்கள் பக்கம் வந்திருந்த மோசஸ், கண் சிவந்து, அந்த மழையிலும் எங்கிருந்தோ ஒரு பெரிய ரோஜா மாலையோடு வந்து நின்றார். “நான்தான் அவரு வாயக் கட்டினேன்” என்று சுவரில் சாய்ந்து அழுதார்.

ஒருவழியாகப் பாஸ்டர் எனக்குக் கிடைத்தார்.

“சகோதரியே, யாவரும் ஏன் அழுது புலம்புகிறீர்கள்? அவர் நித்திரையாயிருக்கிறார் என்றுதானே எழுதினேன்?”

“பாஸ்டர்! செத்துட்டாரா, தூங்குறாரா? மனுஷங்க பேசுற தமிழ்ல சொல்லுங்க!”

அவருக்கு விஷயம் உறைத்துவிட்டது போலிருக்கிறது. பிறகு இத்தனை வருடங்களில் முதல்முறையாக எங்கள் பாஸ்டரின் வாயிலிருந்து சொந்த ஊர் குதித்து வந்தது.

“ஏ அம்மா, தூங்குதாரும்மா! மாத்து ஆளு வராம ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பாத்துட்டு, கேன்டீன் பெஞ்சுல குறட்டை விட்டுத் தூங்குதாருன்னு சூப்பர்வைசர் இப்பத்தான் போன் பண்ணுனாரு! நல்லாத்தாம்மா இருக்காரு!”

நான் கத்திச் சொன்னேன். ரோசி அக்கா அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் அது இப்போது வேறு அழுகை. பாஸ்டர் அவசரமாகக் குழுவின் பூட்டைத் திறந்துவிட்டார். திறந்ததும் என்ன எழுதுவதென்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அவரவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேன்டீனில் யாரோ அண்ணனை எழுப்பி, போனுக்குச் சார்ஜ் போட்டிருக்க வேண்டும். ‘நித்திரையாயிருக்கிறார்’ என்ற அந்தச் செய்திக்கு நேர் கீழே முதல் பதில் விழுந்தது.

‘ஆமென்.’

தன் சாவுச் செய்திக்கே ஆமென் போட்ட மனிதர் திருவள்ளூர் மாவட்டத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதோடு விடவில்லை. பூட்டியிருந்த காலத்தில் பாஸ்டர் போட்டிருந்த காய்ச்சல், கல்யாணம், பரீட்சை, பிரசவம் எல்லாவற்றுக்கும் பாக்கி வைக்காமல் ஆமென், ஆமென் என்று வந்துகொண்டே இருந்தன. “செத்தும் சும்மா இருக்குதா பாரு இந்த மனுசன்!” என்று ரோசி அக்கா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்து ஒரு ஆமென் வந்தது. அது மோசஸுடையது.

அன்று சாயங்காலம் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், ஒரு டிராக்டரில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் இருந்த கூட்டத்தையும் மோசஸின் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாலை ஷோக்கா கீதே நைனா, யாருக்கு?”

மோசஸ் யோசிக்கவே இல்லை. உயிரோடிருந்த கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவுக்குப் பூட்டு கிடையாது. பாஸ்டரும் இப்போது யாராவது தூங்கினால் தூங்குகிறார் என்றே எழுதுகிறார்.

இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், எழுதியது சரிதானா, ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேட்டு முழுவதையும் அண்ணனுக்கு அனுப்பினேன். நான் போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நிச்சயம் ஒரு வரிகூடப் படித்திருக்கமாட்டார்.

படிக்காவிட்டால் போகட்டும். அண்ணன் இருக்கிறார், எனக்கு அது போதும்.