மைதானம் 3,900 மைல்

ஹார்ல்டன் நகர மக்களுக்கு அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு மகிழ்ச்சியான செய்தி தபாலில் வந்தது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் எழுபது வருடமாக ஆடிவரும் அவர்களுடைய கால்பந்து அணி, ஹார்ல்டன் நீர்நாய்கள், இனிமேல் லண்டனில் ஆடும்.

"இது இடமாற்றம் அல்ல. ஹார்ல்டனின் எல்லை விரிவடைகிறது. ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது" என்றது கடிதம். கீழே ரசிகர் தொடர்ச்சித் துறையின் துணை இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்படி ஒரு துறை இருப்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும்.

அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெயர் கால்பந்து. ஏன் என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற ஊராக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

லொரெட்டா பான்ஸ்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தாறு. அணி லண்டன் போவது பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அது தோற்பதை முப்பத்தோரு வருடமாக நேரில் பார்த்தவள். தூரத்தில் போய்த் தோற்றால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவளுடைய கவலை வேறு. சி-114.

சி-114 என்பது மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் இடம். ஆட்ட நாளில் ஊரே நாலு மணி நேரம் முன்னதாக அங்கே வந்துவிடும். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சாசேஜ் சுட்டு, பீர் குடித்து, பக்கத்து வண்டிக்காரனோடு சண்டை போட்டு, சமாதானமாகி, பிறகு மனசே இல்லாமல் எழுந்து ஆட்டம் பார்க்கப் போகும். பன்னிரண்டாயிரம் இடங்களில் விளக்குக் கம்பம் ஒட்டி நிற்பது சி-114 மட்டும். அந்தக் கம்பத்தில் பிளக் பாயின்ட் உண்டு. லொரெட்டா அதில் மின்சாரப் பானையைச் செருகி, மாட்டுக்கறியும் பீன்ஸும் வேகவைப்பாள்.

பக்கத்து இடம் சி-115, டுவெயின் ஹக்கபியுடையது. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். பத்தொன்பது வருடமாக அந்தக் கம்பத்தின் மேல் கண். விதி என்னவென்றால், தொடர்ந்து மூன்று ஆட்டங்களுக்கு வராதவரின் இடம் பக்கத்து இடத்துக்காரருக்குப் போய்விடும்.

"உனக்கு உடம்பு நல்லா இருக்கா லொரெட்டா?" என்று வருடா வருடம் கேட்பான்.

"உன்னைப் புதைச்சிட்டுத்தான் படுப்பேன்" என்பாள் அவள்.

துறை அலுவலகத்துக்கு லொரெட்டா நேரில் போனாள். துணை இயக்குநர் பிரெஸ்டன் வைட்டேகர். முப்பது வயது, சாக்ஸ் போடாத ஷூ.

"உங்க இருக்கை லண்டன்ல அப்படியே இருக்கும் மேடம். வருஷத்துக்கு ரெண்டு தடவை அதோட போட்டோ தபால்ல வரும்."

"இருக்கை கிடக்கட்டும் தம்பி. சி-114 என்ன ஆச்சு?"

"அதுவும் முழுப் பாதுகாப்போட இருக்கு. லீக் விதிப்படி ஒவ்வொரு மைதானத்துக்கும் பன்னிரண்டாயிரம் வண்டி நிறுத்த இடம் வேணும். லண்டன் மைதானத்துக்கு ஒண்ணுகூட இல்ல, அங்க எல்லாரும் ரயில்ல வர்றாங்க. நம்மகிட்ட பன்னிரண்டாயிரம் சும்மா இருக்கு. அதனால லண்டன் மைதானத்தோட வண்டி நிறுத்துமிடம் ஹார்ல்டன்ல இருக்கும்."

லொரெட்டா வண்டிச் சாவியை எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள்.

"நான் வண்டியை இங்க நிறுத்திட்டு ஆட்டத்துக்கு எப்படிப் போறது?"

"அறிவிப்புப் பலகை வைக்கிறோம் மேடம்."

"மூணு ஆட்டம் வரலன்னா?"

"விதி விதிதானே. ஆட்டம் லண்டன் நேரப்படி மதியம் ரெண்டரை. நமக்குக் காலைல ஒன்பதரை. அஞ்சரைக்குக் கேட் திறந்துடும்."

செப்டம்பர் முதல் ஞாயிறு லொரெட்டா ஐந்து மணிக்கே கேட் வாசலில் நின்றாள். அவளுக்கு முன்னால் டுவெயின் நின்றான்.

"நீ வரமாட்டேன்னு நினைச்சேன்" என்றான்.

"நீ நினைப்பேன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர்களுக்குப் பின்னால் ஊரே வரிசையில் நின்றது. எல்லோருக்கும் ஒரு பக்கத்து இடத்துக்காரன் இருந்தான்.

பழைய மைதானத்தை, இனி யாரும் வரமாட்டார்கள் என்று, கடிதம் வந்த வாரமே இடித்திருந்தார்கள். அது இருந்த திசையில் புதுப் பச்சைப் பலகை: மைதானம் 3,900 மைல். நடை தூரம் ஐம்பத்து நான்கு நாள். கீழே சின்ன எழுத்தில்: தூங்காமல் நடந்தால். வழியில் நீர் தேங்கியிருக்கலாம்.

யாரும் சிரிக்கவில்லை. அரை மைலுக்கு மேல் தூரமென்றால் இலவசப் பேருந்து விட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்ததால் பேருந்தும் விட்டிருந்தார்கள். அது கிழக்குப் பக்கமாக நகர எல்லை வரை போகும். அங்கே நின்று கதவைத் திறக்கும். யாரும் இறங்கமாட்டார்கள். கதவை மூடிக்கொண்டு திரும்பும். நவம்பர் குளிரில் அதில் இடமே கிடைக்கவில்லை, உள்ளே ஹீட்டர் இருந்ததால்.

இப்படி ஒரு கூத்து ஒரே வாரத்தில் நாறிப்போகும் என்றுதான் எவனும் நினைப்பான். நடந்தது வேறு. ஹார்ல்டன் மக்களுக்கு முதல் முறையாக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள். நடுவில் எழுந்து போய் நீர்நாய்கள் தோற்பதைப் பார்க்கும் தண்டனை மட்டும் இல்லை. ரேடியோ போட்டவனை மற்றவர்கள் சேர்ந்து அதட்டினார்கள். பக்கத்து மாநிலங்களில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டிசம்பரில் கூட்டம் முப்பதாயிரத்தைத் தாண்டியது.

லண்டனில் ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். அவர்களுக்கு அவர்களுடைய கால்பந்து இருந்தது. அதில் பந்தை உதைக்கிறார்களாம்.

டிசம்பர் கடைசியில் பிரெஸ்டன் வைட்டேகர் ஒரு கோப்போடு சி-114க்கு வந்தான். லொரெட்டா அவனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்றான்.

"மேடம், ஆலோசனைக் குழு ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கு. ஹார்ல்டன்ல ரசிகர்கள் இருக்காங்க."

"யாரு, நாங்களா?"

"இந்த நாட்டுலயே மைதானம் இல்லாம இவ்வளவு பேர் கூடற இடம் வேற இல்ல. அதனால இங்க ஒரு மைதானம் கட்டினா கூட்டம் வரும்னு அறிவியல்பூர்வமா நிரூபணம் ஆயிருக்கு. அணி திரும்பி வரும். மக்கள் ஓட்டுப் போடணும், அவ்வளவுதான்."

"எங்க கட்டுவீங்க?"

"எங்க கூட்டம் வருதோ, அங்க."

லொரெட்டா தன் காலடியில் இருந்த தாரைப் பார்த்தாள். பிறகு கம்பத்தைப் பார்த்தாள்.

"சி-114?"

"முழுப் பாதுகாப்பு."

"வாயால சொல்லாதே. எழுதிக் குடு."

அவன் அங்கேயே கோப்பின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்: சி-114 என்ற இடம் லொரெட்டா பான்ஸ்கிக்கு நிரந்தரமாக உறுதி செய்யப்படுகிறது. லொரெட்டா இரண்டு தடவை படித்துவிட்டுக் காகிதத்தைப் பனியனுக்குள் வைத்தாள்.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றான் டுவெயின். பிரெஸ்டன் கொடுத்தான். பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. இருட்டும் வரை எழுதினான், பாவம். அன்றைக்கு அவன் கை வீங்கியது ஒன்றுதான் அந்தத் துறை செய்த உண்மையான வேலை.

மார்ச் மாதம் வாக்கெடுப்பு. காகிதம் கையில் இருக்கும் தைரியத்தில் லொரெட்டா 'ஆம்' என்று போட்டாள். டுவெயினும் போட்டான். நூற்றுக்கு எழுபத்தொரு பேர் போட்டார்கள். மைதானம் மூன்று வருடத்தில் கட்டி முடிந்தது. ஐம்பத்தெட்டாயிரம் இருக்கை. ஏ முதல் எஃப் வரை இருந்த அத்தனை தாரையும் அது தின்றுவிட்டது. கம்பத்தையும்தான்.

பிறகு கடிதம் வந்தது.

"ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது. புதிய ஹார்ல்டன் மைதானத்தின் வண்டி நிறுத்துமிடம், ஆள் வராத காரணத்தால் இடித்துச் சமன் செய்யப்பட்ட லண்டன் மைதானத்தின் நிலத்தில் அமைகிறது. உங்கள் இடம்: சி-114. மூன்று ஆட்டங்கள் விதி தொடரும்."

லொரெட்டா அலுவலகத்துக்குப் போனாள். பிரெஸ்டன் இப்போது இயக்குநர். இன்னும் சாக்ஸ் வாங்கியிருக்கவில்லை.

"எழுதிக் குடுத்தியே தம்பி."

"குடுத்ததை அப்படியே காப்பாத்தியிருக்கோம் மேடம். அதுல ஊர் பேர் இருக்கா பாருங்க."

பார்த்தாள். இல்லை.

"நான் போகலன்னா?"

"மிஸ்டர் ஹக்கபி போன வாரமே பாஸ்போர்ட்டுக்குக் குடுத்துட்டாரு மேடம்."

லொரெட்டா அன்றைக்கே புகைப்படம் எடுக்கப் போனாள். கடையில் இருபது பேர் நின்றார்கள். எல்லோரும் தெரிந்த முகம். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் புதிய மைதானத்தின் முதல் ஆட்டம். ஹார்ல்டனில் மதியம் ஒரு மணி, லண்டனில் மாலை ஆறு. லொரெட்டா வாடகை வண்டியைப் பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டிக்கொண்டு சி வரிசைக்கு வந்தாள். மடியில் மின்சாரப் பானை. தூரத்தில் விளக்குக் கம்பம் தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

கம்பத்தடியில் டுவெயின் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரு."

"தரையில நம்பரைப் பாரு."

115. அந்த ஊரில் வண்டி இடப்பக்கம் போகும். எண்களையும் அந்தப் பக்கத்திலிருந்து போட்டிருந்தார்கள். 114 கம்பத்துக்கு ஓர் இடம் தள்ளி, வெறும் தாராக இருந்தது. பத்தொன்பதும் நாலும் இருபத்து மூன்று வருடம் காத்திருந்தவனை லொரெட்டா என்ன சொல்லித் திட்டுவாள்? நின்று பார்த்தாள். அவன் புதுசாக வாங்கிய பானையை எடுத்து, ஒயரைப் பிரித்து, கம்பத்தருகே மண்டியிட்டான். ரொம்ப நேரம் மண்டியிட்டே இருந்தான்.

"என்ன, சாமி கும்பிடறியா?"

"மூணு ஓட்டை இருக்கு" என்றான் டுவெயின். "நம்ம பிளக்குக்கு ரெண்டு கால்தான்."

லொரெட்டா தன் நாற்காலியை அவன் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தாள். சுற்றிலும் முப்பதாயிரம் ஹார்ல்டன்காரர்கள் பின்கதவைத் திறந்து வைத்து, விமானத்தில் அடுப்பை ஏற்றவிடாததால் பச்சைக் கறியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நாயோடு நடந்துபோன ஒரு லண்டன் கிழவர் வேலியோரம் நின்றார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"ஆட்டம் ஐயா."

"எங்க?"

"எங்க ஊர்ல." பச்சைப் பலகையைக் காட்டினாள். அதையும் கப்பலில் அனுப்பி, அம்புக்குறியை மட்டும் மேற்கே திருப்பி வைத்திருந்தார்கள்.

"அப்ப அங்க யார் பாக்கறாங்க?"

லொரெட்டா சி வரிசையைப் பார்த்தாள். டி வரிசையைப் பார்த்தாள். அவளுடைய டாக்டர், தபால்காரர், மேயர், மேயருக்கு எதிராக நின்று தோற்றவர், எல்லோரும் இருந்தார்கள். நாலு இடம் தள்ளி பிரெஸ்டன் வைட்டேகர் ஒரு சாசேஜை லைட்டரால் சுட்டுக்கொண்டிருந்தான்.

"யாரும் இல்ல" என்றாள். "நாங்க போயிட்டா இடம் போயிடும்."