ஒன்றாம் நம்பரின் பதில்

ஒரு பதிலின் விலை ஆறாயிரம் லிட்டர் பால். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது பால் பண்ணையின் முதல் தொட்டிக் கழுத்தில் உட்கார்ந்திருந்த, உள்ளங்கை அகல ஒன்றாம் நம்பர் மீட்டர். அதுவோ காலையிலிருந்து உளறிக்கொண்டிருந்தது.

"பால் எத்தனை டிகிரி?" என்று மாஸ்டர் பெட்டி கேட்டால், ஒரு தடவை நாலு என்றது. மறு தடவை எழுபது என்றது. அப்புறம் வாயே திறக்கவில்லை. சரியான பதில் வராமல் குளிரூட்டும் மெஷின் ஓடாது. மூன்று மணிக்குள் ஓடாவிட்டால் பால் சாக்கடைக்கு, எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு.

"என்னய்யா, உன் மாஸ்டரை உன் ஸ்லேவே மதிக்கலியே?" என்றார் மேனேஜர்.

"அஞ்சு நிமிஷம் சார்."

"இது எட்டாவது அஞ்சு நிமிஷம்!"

எலக்ட்ரீஷியனுக்கு இந்த ஏற்பாட்டின் மேல் அப்படி ஒரு சொக்கு. ஒரே வயரில் ஒரு மாஸ்டர், அதற்கு ஸ்லேவாகப் பன்னிரண்டு மீட்டர்கள். மாஸ்டர் நம்பர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட நம்பர் மட்டும் பதில் சொல்லும். மற்றவை கம்மென்று இருக்கும். கேட்காமல் ஒன்றும் வாய் திறக்காது. "இதுதாங்க ஒழுக்கம்!" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே பாடம் எடுப்பார்.

முதலில் வயரை மாற்றினார். இழுத்த இழுப்பில் இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் சேர்ந்து படுத்துக்கொண்டன. அவற்றை எழுப்பிவிட்டு, ஸ்டோரிலிருந்து புது மீட்டர் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் நாலு என்றது, எழுபது என்றது.

"வேகமாக் கேக்குதோ என்னவோ" என்று மாஸ்டரின் வேகத்தைக் குறைத்தார். பன்னிரண்டும் ஒரே அடியாக ஊமையாயின. மாஸ்டரின் திரை முழுக்கச் சிவப்பு.

"பதினொண்ணு நல்லா இருந்துச்சேய்யா!" மேனேஜர் தலையில் கைவைத்தார்.

பக்கத்தில் தரை துடைக்கும் அம்மா லேசாக இருமினார். வாய் பேச வராதவர் என்று எலக்ட்ரீஷியனுக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. இரண்டு வருடமாகச் சைகையில்தான் பேச்சு. இப்போதும் இரண்டு கையையும் விசிறி, 'தள்ளிப் போய்த் துடைங்க' என்று காட்டினார். அந்த அம்மா பெருமூச்சு விட்டுத் தள்ளிப் போனார்.

வேகத்தைப் பழையபடி வைத்தார். பதினொன்று பிழைத்தன. மணி இரண்டே முக்கால். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"நாலு ஒருத்தன் சொல்றான். எழுபது இன்னொருத்தன் சொல்றான். ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா ஒண்ணும் புரியல. அப்போ ஒண்ணாம் நம்பர் ரெண்டு பேர்! அந்த இன்னொருத்தன் எங்கதான் இருக்கான்?"

"பாய்லருக்குப் பின்னாடி சார்."

எலக்ட்ரீஷியன் திரும்பினார். துடைப்பத்தைப் பிடித்தபடி அந்த அம்மா நின்றிருந்தார்.

"நேத்து நீங்க லீவு. மேனேஜர் சார் வெளியாள வச்சு சுடுதண்ணி டேங்குல புதுசா ஒரு மீட்டர், இதே வயர்ல மாட்டினாரு."

மேனேஜர் அவசரமாக செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

புது மீட்டர் எதுவும் அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றாம் நம்பராகத்தான் வரும். நம்பரை மாற்றுவது மாட்டுகிறவர் வேலை. எலக்ட்ரீஷியன் ஓடினார். டேங்கின் முதுகில் பளபளவென்று அது உட்கார்ந்திருந்தது. பதின்மூன்று என்று நம்பர் போட்டார். திரையில் நாலு வந்தது; நாலாகவே நின்றது. குளிரூட்டும் மெஷின் உறுமி ஓடியது. அந்தச் சத்தம் அவர் காதுக்குத் தாலாட்டாக இருந்தது.

நேராக வந்து அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"என் பிள்ளைங்க சோத்தக் காப்பாத்திட்டீங்கம்மா. இந்த நன்றிய நான் மறக்க மாட்டேன். ஆனா... உங்களுக்குப் பேச வருமா?"

"சேர்ந்த அன்னிக்கே, கேட்டாத்தான் பேசணும்னு சொல்லிட்டீங்களே சார். ரெண்டு வருஷத்துல நீங்க கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. இது மாதிரி தெரிஞ்சும் சொல்லாம பாக்கி நிக்கிறது பதினாலு."